ஆச்சியின் இரவு டூட்டி

சாலைக் கம்போளத்தில் மூட்டை இறக்கவும் கணக்கெழுதவும் வந்து தங்கிவிட்ட நம்மவர்களில் பலருக்கு என் ஆச்சியைத் தெரியும். பெயர் தெரியாது. 'தைக்காட்டு நர்ஸம்மா' என்றால்தான் தெரியும். ஆரியசாலையில் எங்கள் சந்தில் இன்று நாற்பதைக் கடந்தவர்களில் பாதிப்பேர் அவர் கையில் பிறந்தவர்கள்தாம்.

ஆச்சி 1938-ல் தக்கலைப் பக்கம் பிறந்தவர். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பழகினார். 1838-ல் தொடங்கப்பட்ட ஆஸ்பத்திரி அது. எவரெஸ்ட் சிகரம் ஏறப் போன சாமர்வெல் துரை பல்லாண்டு கத்தி பிடித்த இடம். நர்ஸ் வேலைக்குப் போகிற பெண்ணை ஊரார் ஒருமாதிரியாகப் பார்த்த காலம். 1956 நவம்பர் 1-ந்தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஊர் அந்தப் பக்கம் போயிற்று. ஆச்சிக்குப் பிழைப்பு இந்தப் பக்கம் அமைந்தது. தாத்தாவுக்குச் சாலையில் மண்டிக் கணக்கு. ஆச்சிக்கு 1960 முதல் தைக்காடு பெண்கள், குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வேலை. 1993-ல் 55 வயதில் ஓய்வு பெற்றார்.

2013 வாக்கில் மறதி தலைகாட்டியது. குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போடுவார். பென்ஷன் பணத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டு, "எடுத்தது நீதானே?" என்று என் தாயாரைக் கேட்பார். முப்பது வருடம் ஒரே அடுப்படியில் நின்ற மாமியார், மருமகளைத் திருடி என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? இரண்டு வருடம் வீட்டில் ஓயாத சண்டை. 'வயதான கிறுக்கு' என்றோம். நானும் கத்தியிருக்கிறேன். ஒருநாள் ஸ்டேஷனிலிருந்து டூட்டி முடிந்து வந்த எரிச்சலில் அவர் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பிடுங்கி எறிந்தேன். அதை இப்போது மறக்க முடியவில்லை.

இத்தனைக்கும், மறதி நோயைப் பற்றி மோகன்லால் நடித்த 'தன்மாத்ரா' படம் 2005-ல் வந்தபோது குடும்பத்தோடு போய்ப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள் நாங்கள்! இந்நகரத்துச் செக்ரடேரியட் குமாஸ்தாவின் கதை அது. திரையில் புரிந்தது வீட்டில் புரியவில்லை.

பென்ஷன்காரர் உயிரோடிருப்பதற்கு வருடா வருடம் சான்று கொடுக்க வேண்டுமல்லவா? 2015-ல் அதற்காக அழைத்துப் போனேன். பேனாவை வாங்கிய ஆச்சி, காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கான வார்டு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட விரலுக்குத் தன் பெயர் வரவில்லை. கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். 1901-ல் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்து ஆஸ்பத்திரியில் அகஸ்தே என்ற 51 வயதுப் பெண்மணியும் இப்படித்தான் தன் பெயரை எழுத முடியாமல் விழித்தாராம். அவரைச் சோதித்த அல்சைமர் என்ற டாக்டரின் பெயரே பிறகு அந்த நோய்க்கு நிலைத்தது.

பின்பு ஆரம்பித்தது இரவு டூட்டி. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்துவிடுவார். படுத்திருக்கும் எங்கள் மணிக்கட்டை ஒவ்வொன்றாகப் பிடித்து நாடி எண்ணுவார். போர்வை நுனியை மெத்தைக்கடியில் ஆஸ்பத்திரி மடிப்பாகச் செருகுவார். அதோடு நின்றால் பரவாயில்லை. கதவைத் திறந்துகொண்டு "வார்டுக்கு நேரமாச்சு" என்று கிளம்புவார். நாங்கள் வெளியே பூட்டுப் போட்டோம். கதவை இடித்து அழுவார்.

2016 நவராத்திரியில் அது முற்றியது. வாசகர்கள் அறிந்ததே: பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும், வேளிமலைக் குமாரசாமியும் இங்கே எழுந்தருளுவார்கள். குமாரசாமிக்குத் தங்கல் எங்கள் ஆரியசாலைக் கோயிலில். ஊர்வலம் ஊர் திரும்பிய காலையில் ஆச்சியைக் காணோம். கரமனைப் பாலத்தருகே, செருப்பில்லாமல், கூட்டத்தின் பின்னால் நடந்துகொண்டிருந்தார். "ஊரிலேர்ந்து முருகன் வந்திருக்கு மக்களே. கூடவே வீட்டுக்குப் போயிரலாம்" என்றார்.

மறுநாள் நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். இளம் டாக்டர், நல்ல மனிதர்; ஆனால் மலையாளத்திலேயே கேட்டார். என்ன மாதம்? நூறிலிருந்து ஏழு போனால் எத்தனை? ஆச்சி, "புரட்டாசி" என்றார். அவர் தப்பு என்று எழுதிக்கொண்டார். இங்கே அது கன்னி மாதம் அல்லவா! முப்பத்துமூன்று வருடம் மலையாளத்தில் வார்டை நடத்திய ஆச்சிக்கு, அந்த மலையாளம் எங்களுக்குத் தெரியாமலே கைநழுவிக்கொண்டிருந்தது. பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் போவது இந்நோயில் பலரிடம் காணப்படுவதாம். தமிழில் கேட்கட்டும் என்று நான் சொன்னதும் டாக்டர் சம்மதித்தார், நான் மொழிபெயர்த்தேன். 30-க்கு 9 என்றிருந்த மார்க்கு 14 ஆயிற்று. நோய் இல்லையென்று ஆகிவிடவில்லை. ஆனால் 'முற்றிவிட்டது' என்ற சொல் சீட்டிலிருந்து நீங்கியது.

மொழி மாறினால் மார்க்கு மாறும் என்பது டாக்டர்கள் அறியாததல்ல. அயல்நாட்டுச் சோதனைத்தாள் ஒன்றை மலையாளத்தாருக்கென்று திருத்தி அமைத்த ஆய்வு 2004-லேயே வெளிவந்தது. ஆகவே நம்மவர் வீட்டுப் பெரியவரைக் கூட்டிச் செல்வோர், தமிழில் கேட்கச் சொல்லத் தயங்கவேண்டாம். தைராய்டு, பி-12 குறைவு முதலியவற்றாலும் மறதி வரலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்தால் அதற்கு வைத்தியம் உண்டு. ஆச்சிக்கு அப்படி எதுவும் இல்லை. நோயை மாற்றும் மருந்து கிடையாது, சில காலம் தாங்கிப் பிடிக்கும் மாத்திரைதான் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். 60 வயதுக்கு மேற்பட்டோரில் 7.4 சதவிகிதம், சுமார் 88 லட்சம் பேர், இந்நாட்டில் இப்படி இருப்பதாக 2023-ல் வெளிவந்த கணக்கு கூறுகிறது. டாக்டர் ஜேக்கப் ராய் 1992-ல் கேரளத்தில் தொடங்கிய அல்சைமர் சங்கம் இத்தகைய குடும்பங்களுக்கு வழிகாட்டி வருகிறது.

பூட்டுக்கு மாற்று கண்டுபிடித்தவர் என் தாயார்; 'திருடி' என்று பேர் வாங்கிய அதே மருமகள். ஒரு ராத்திரி ஆச்சி கதவை இடித்தபோது, வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய், "சிஸ்டர், மாத்த ஆள் வந்தாச்சு. சார்ஜ் குடுங்க" என்றார். ஆச்சி நிமிர்ந்து நின்று, எத்தனை பிரசவம், யாருக்குக் காய்ச்சல், எந்தக் கட்டிலுக்கு மருந்து என்று வரிசையாக ஒப்படைத்தார். பிறகு தாமாகவே போய்ப் படுத்துக்கொண்டார். அன்றைக்கே பூட்டைக் கழற்றினோம். மூன்று வருடம் என் தாயார் தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சார்ஜ் வாங்கினார்.

2019-ல் ஆச்சி காலமானார். அதற்குச் சில வாரங்கள் முன்பு என் கைக்குழந்தையை அவர் மடியில் கிடத்தினோம். எங்களில் ஒருவரையும் அப்போது அவருக்கு அடையாளம் தெரியாது. ஆனால் இடக்கை தானாகப் போய்க் குழந்தையின் பிடரியைத் தாங்கிக்கொண்டது. கழுத்தில் இறுகியிருந்த துணியைத் தளர்த்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எத்தனாம் நம்பர் கட்டில் புள்ளை இது? தாய்க்குப் பால் இருக்கா?"

"இருக்கு சிஸ்டர்" என்றேன்.