புகையிலைக் காட்டில் கற்ற பாடம்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கார்லண்ட் என்று ஒரு சிற்றூர். சுற்றிலும் விவசாயம்தான். அங்கே ஆமோஸ் ஜான்சன் என்ற டாக்டர் வைத்தியம் பார்த்துவந்தார். அவருக்கு வலது கையாக இருந்தவர் ஹென்றி லீ ட்ரெட்வெல். மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அல்ல. டாக்டரிடமே தொழிலைக் கற்றவர். டாக்டர் வெளியூர் போனால், வருகிற நோயாளிகளைச் சமாளிப்பது ட்ரெட்வெல்தான்.

இப்படிப்பட்ட ஆட்களைப் படிப்புக் கொடுத்தே உருவாக்கினால் என்ன? டியூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் யூஜின் ஸ்டெட், 1965-ல் அதைத் தொடங்கினார். சேர்ந்தவர்கள் நான்கே பேர். கடற்படையில் மருத்துவ உதவி செய்தவர்கள். 1967-ல் மூவர் தேறினார்கள். ‘பிசிஷியன் அசிஸ்டென்ட்’ என்ற தொழில் இப்படித்தான் பிறந்தது. டாக்டரின் பொறுப்பில் நோயாளியைச் சோதித்து, மருந்து கொடுத்து, காயத்துக்குத் தையல் போடுகிற வேலை. 1977-ல் வந்த கிராமப்புற கிளினிக் சட்டம், இவர்கள் செய்யும் சிகிச்சைக்கும் அரசுக் காப்பீட்டுப் பணம் கிடைக்க வழிசெய்தது. டாக்டர் தங்காத ஊர்களில் விளக்கு எரிய அதுவும் ஒரு காரணம்.

இந்த வேலையில் பல வருடம் இருந்தவர்கள் சிலர், பிறகு வாத்தியாராகப் போகிறார்கள். திடீரென்று அல்ல. முதலில், பயிற்சி மாணவர் ஒருவர் சில வாரங்களுக்கு கிளினிக்குக்கு வருவார். அவருக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகிப்போகும். அப்புறம்தான் கல்லூரி கூப்பிடும்.

அப்படிப் போகிறவர் கொண்டுபோகும் சரக்கு புத்தகத்தில் எளிதில் கிடைக்காது. புகையிலையையே எடுத்துக்கொள்வோம். பனியில், மழையில் நனைந்த இலையை ஒடிக்கும்போது நிகோட்டின் தோல் வழியாக உடம்பில் இறங்கும். குமட்டல், வாந்தி, தலைசுற்றல், தலைவலி என்று ஆளைச் சாய்த்துவிடும். வெயில் மயக்கம் என்றோ, பூச்சிமருந்து விஷம் என்றோ தவறாக நினைக்க இடமுண்டு. ‘காலையில் என்ன வேலை செய்தீர்கள்? இலை ஈரமா? சட்டை நனைந்ததா?’ என்ற மூன்று கேள்விகளில் விஷயம் தெரிந்துவிடும். நகரத்துப் பிள்ளைக்கு இந்தக் கேள்விகள் தோன்றுவதில்லை. நம் புகையிலை விவசாயிகளும் இதைக் குறித்துக்கொள்ளலாம்: ஈர இலையைத் தொடாமல் காயும்வரை பொறுப்பது, கையுறை போடுவது, நனைந்த துணியை உடனே மாற்றிச் சோப்புப் போட்டுக் குளிப்பது.

ஆனால், வாத்தியார் கிடைத்த கல்லூரிக்கு லாபம் என்றால், ஆளை இழந்த ஊருக்கு? ஒரே ஒருவர் இருந்த இடம் காலியானால் அடுத்தவர் வர மாதக்கணக்கில் ஆகலாம். வாரத்தில் ஒரு நாளாவது பழைய கிளினிக்குக்கு மாணவர்களோடு திரும்பி வருகிற வாத்தியாரால்தான் இந்தக் கணக்கு ஓரளவு சரியாகும். கிராமத்தில் பயின்றவர்களில் சிலராவது கிராமத்திலேயே தங்கிவிடுவார்கள்.

இந்தியாவில் இந்தப் படிப்பு 1992-ல் சென்னையில், இதய அறுவை நிபுணர் கே.எம்.செரியனின் முயற்சியால் தொடங்கியது. அதனால்தானோ என்னவோ, இங்கே படித்தவர்கள் பெரும்பாலும் நகரத்து ஆஸ்பத்திரிகளில்தான் இருக்கிறார்கள். இப்போது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்சி. பட்டமாக நடக்கிறது. பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் பெற்றோர், இது டாக்டர் பட்டம் அல்ல, தனியாக கிளினிக் வைக்க முடியாது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கல்லூரியில் விசாரிக்கும்போது, பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், தாலுகா ஆஸ்பத்திரி ஒன்றாவது அதில் உண்டா என்றும் கேட்டுப் பாருங்கள்.