தம்பிக்கு எத்தனை தவணை?

"அணியைக் கடைசிக்குக் கொண்டுபோன பிள்ளைக்குப் பதினெட்டுக் கோடியா?" வாலாஜாபேட்டை டீக்கடைப் பெஞ்சில் ஒரு பெரியவர் இப்படிப் பொரிந்து தள்ளினார். அகப்பட்டவர் ருதுராஜ் கெய்க்வாட்.

புனேக்காரப் பையன். 20 லட்ச ரூபாய்க்குச் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு வந்தவர். 2021-ல் 635 ரன் குவித்து ஐ.பி.எல்.லிலேயே முதல்வரானார், கோப்பையும் சென்னைக்கு வந்தது. 2024 மார்ச்சில் தோனியிடமிருந்து காப்டன் பதவி கைமாறியது. அவ்வருஷம் அணிக்கு ஐந்தாவது இடம். ஆனாலும், மொத்தப் பணம் 120 கோடியில் 18 கோடியை இவருக்கே ஒதுக்கிவிட்டார்கள்! 2025-ல் ஐந்து ஆட்டம், நான்கு தோல்வி. முழங்கை எலும்பில் விரிசல் கண்டு விலகினார்.

சரி, பெரியவரே! அப்புறம் தோனியே தலைமை தாங்கிய ஒன்பது ஆட்டங்களில் எத்தனை வெற்றி? மூன்றுதான். குறை பையனிடம் மட்டுமா இருந்தது?

2022-ல் ஜடேஜாவைக் காப்டனாக்கி, எட்டே ஆட்டத்தில் பதவி தோனிக்கே திரும்பியது. கண்ட பலன் ஒன்பதாவது இடம்! பக்கத்து ராணிப்பேட்டையில் தோல் பதனிடுகிறவரைக் கேளுங்கள்: பாதிப் பதத்தில் எடுத்த தோல் செருப்புக்கும் ஆகாது.

2025 நவம்பரில் ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்துச் சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். 'புதுக் காப்டன் வந்தாச்சு' என்று ஊரெல்லாம் பேச்சு. இல்லை, ருதுராஜ்தான் காப்டன் என்று அணி அறிவித்துவிட்டது. நல்ல வேளை!