கந்தகச் சேர்மங்களும் வெண்ணிற வீழ்படிவும்

கோலார் தங்கவயலில் மலைபோற் குவிந்துள்ள தாதுக் கழிவை அவ்வூர் மக்கள் 'சயனைடு மலை' என்பர். சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டன. மேடுகள் மட்டும் எஞ்சின. பாறையை மாவாக அரைத்து, சயனைடுக் கரைசலால் பொன்னைப் பிரித்தெடுத்த பின் ஒதுக்கப்பட்டதே இக்கழிவு. இதில் பைரைட்டு முதலிய இரும்புச் சல்பைடுகள் சிறிதளவு உண்டு. காற்றும் ஈரமும் படுங்கால் இவை மெல்ல ஆக்சிஜனேற்றமடைந்து சல்பேட்டாகின்றன. பைரைட்டில் −1 ஆக இருந்த கந்தகத்தின் ஆக்சிஜனேற்ற எண் சல்பேட்டில் +6 ஆக உயர்கிறது.

ஈண்டுப் பெயர்க் குழப்பம் ஒன்றைச் சுட்டுதல் வேண்டும். சல்பைடு, சல்பைட்டு என்னும் பெயர்கள் தமிழ் எழுத்தில் ஏறக்குறைய ஒன்றே போலத் தோன்றும். மொழிபெயர்ப்போருக்கு இது ஓயாத தொல்லை. மாணவருக்கோ மதிப்பெண் இழப்பு. சல்பைடில் ஆக்சிஜன் இல்லை. சல்பைட்டில் மூன்று ஆக்சிஜன் அணுக்களும் சல்பேட்டில் நான்கும் உள்ளன.

பேரியம் குளோரைடுக் கரைசலை இடின், சல்பைட்டு, சல்பேட்டு இரண்டுமே வெண்ணிற வீழ்படிவு தரும். ஆகவே வெண்மையைக் கண்டவுடன் 'சல்பேட்டு' என எழுதிவிடுதல் தவறு. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தால் பேரியம் சல்பைட்டு கரைந்து, கந்தக டையாக்சைடின் கார நெடி எழும். பேரியம் சல்பேட்டு கரையாது. நைட்ரிக் அமிலத்தை இதற்குப் பயன்படுத்தலாகாது. அது சல்பைட்டையே ஆக்சிஜனேற்றிச் சல்பேட்டாக்கிவிடும். பின்னர்ப் பொய்யான முடிவே கிட்டும். பழைய சோடியம் சல்பைட்டுப் புட்டியும் இவ்வாறே ஏமாற்றும். காற்றுப்பட்டு அதன் ஒரு பகுதி முன்னரே சல்பேட்டாகியிருக்கும்.

ஆவல் மிகுதியால் மாணவர் மேட்டு மண்ணைக் கொணர்ந்து அமிலமிட முற்படக்கூடும். ஆசிரியர்கள் இதற்குச் சிறிதும் இடந்தரலாகாது. அம்மண்ணில் ஆர்செனிக் கலந்த தாதுவும் உண்டு. சயனைடு எஞ்சியிருப்பின் அமிலம் பட்டதும் ஹைட்ரஜன் சயனைடும், சில சல்பைடுகளிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடும் வெளிப்படும். இரண்டும் கொடிய நச்சு வாயுக்கள்.

சோடியம் சல்பைட்டே பாடத்திற்குப் போதும். புதிதாகக் கரைத்த கரைசல் ஒன்றும், அகன்ற தட்டில் சில நாட்கள் திறந்து வைத்த கரைசல் ஒன்றும் எடுத்துக்கொள்க. சன்னல்களைத் திறந்து வைத்து, இரண்டிலும் சிறிதளவே கொண்டு மேற்கூறிய சோதனையைச் செய்க. பேரியம் குளோரைடு நஞ்சாதலால் அதை ஆசிரியரே கையாளுதல் நன்று. அமிலமிட்ட பின்னும் கரையாது நிற்கும் வீழ்படிவு பழைய கரைசலில் மிகுந்திருக்கும்.