தோற்கிற பிள்ளையின் பக்கத்தில் இருந்தவர்

"சோதனை நெருங்குகிறது. இனி விளையாட்டெல்லாம் போதும்." இந்த வார்த்தையை மகளிடம் சொல்லாத உம்மாமார் நம்மில் எத்தனை பேர்? படிப்பும் விளையாட்டும் ஒன்றுக்கொன்று எதிரி என்றே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்த ஒரு பெண்மணியைப் பற்றி இம்முறை தெரிந்துகொள்வோமா?

அவர் பெயர் லேலே ஃபொரூட். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 1970களில் படித்தவர். அதன் டெனிஸ் அணியில் ஆடியவர். பின்னர் தொழில்முறை வீராங்கனையாகச் சர்வதேசப் போட்டிகளிலும் கலந்துகொண்டார்.

அவர் படித்த காலம் முக்கியமானது. 1972ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'டைட்டில் நைன்' என்றொரு சட்டம் வந்தது. மத்திய அரசின் பணத்தைப் பெறும் எந்தக் கல்வி நிலையமும் ஆண், பெண் என்று பேதம் காட்டக்கூடாது என்பதே அதன் சாரம். அச்சட்டத்தின் மூல வாசகத்தில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. ஆனாலும் பல்கலைக்கழக மைதானங்களின் கதவு பெண் பிள்ளைகளுக்கு அகலத் திறந்தது அதனால்தான். விளையாட்டுக்கான புலமைப்பரிசில் பெற்றுப் பட்டப்படிப்பை முடிக்கும் வாய்ப்பும் படிப்படியாக அவர்களுக்குக் கிடைத்தது.

விளையாட்டு வீராங்கனையின் காலம் குறுகியது. முப்பது வயதைத் தாண்டியதும், "இனி என்ன?" என்ற கேள்வி வந்துவிடும். ஃபொரூட் தான் படித்த பல்கலைக்கழகத்துக்கே துணைப் பயிற்றுவிப்பாளராகத் திரும்பி வந்தார். தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருந்தவர் ஃபிராங்க் பிரெனன். அவருக்குக் கீழே ஒரு வருடமல்ல, இரண்டு வருடமல்ல, பத்து வருடங்களுக்கு மேல் பணியாற்றினார். 2000ஆம் ஆண்டு பிரெனன் ஓய்வுபெற்றபோதுதான் முதற் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அடுத்த வருடமே, 2001இல், அணி தேசிய சம்பியன் ஆனது!

பல்கலைக்கழக டெனிஸ் எப்படி நடக்கிறது தெரியுமா? தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது தனியொருவரின் ஆட்டம். இதுவோ அணியின் ஆட்டம். முதலில் மூன்று இரட்டையர் ஆட்டங்கள்; அவற்றில் இரண்டை வெல்லும் அணிக்கு ஒரு புள்ளி. பிறகு ஆறு ஒற்றையர் ஆட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மொத்தம் ஏழு புள்ளிகளில் நான்கை முதலில் எடுக்கும் அணிக்கே வெற்றி. ஆகவே ஆறாம் இலக்கத்தில் ஆடும் பிள்ளையின் வெற்றிக்கும் முதலாம் இலக்கத்தில் ஆடும் பிள்ளையின் வெற்றிக்கும் பெறுமதி ஒன்றுதான். கடைசிப் பிள்ளையைக் கவனியாமல் விட்ட அணி தலைநிமிர முடியாது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. தொழில்முறை டெனிஸில் ஆட்டத்தின் நடுவே பயிற்றுவிப்பாளர் வாய் திறப்பதே நெடுங்காலம் குற்றமாக இருந்தது. பல்கலைக்கழக ஆட்டத்திலோ அவர் மைதானத்துக்குள்ளேயே இருக்கலாம். பிள்ளைகள் பக்கம் மாறும் இடைவேளையில் அருகே போய்ப் பேசலாம். தோற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருக்கும் அந்தச் சொற்ப நேரத்தில் என்ன சொல்வது, என்ன சொல்லாமல் விடுவது என்பதில்தான் ஒரு பயிற்றுவிப்பாளரின் திறமை இருக்கிறது.

ஃபொரூட்டின் அணி தோற்காத அணி அல்ல. 2011ஆம் ஆண்டு தேசிய இறுதிப் போட்டி ஸ்டான்போர்ட் மைதானத்திலேயே நடந்தது. அந்த மண்ணில் அவர்கள் 180க்கும் அதிகமான போட்டிகளைத் தொடர்ச்சியாக வென்றிருந்தார்கள். எதிரே வந்தது புளோரிடா அணி. மூன்றுக்கு மூன்று என்று சமநிலை. மீதமிருந்த ஒரே ஆட்டத்தின் கடைசி செட்டில் ஸ்டான்போர்ட் மாணவி நான்குக்குப் பூச்சியம் என்று முன்னிலையில் நின்றார். வெற்றி கைக்கெட்டிய தூரம்! ஆனால் புளோரிடா மாணவி விடாமல் போராடி ஆட்டத்தை மாற்றிவிட்டார். சொந்த மைதானத்தில், சொந்த மக்கள் முன்னிலையில் தோல்வி.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். 64 அணிகள் மோதும் தேசியப் போட்டியில் 2013ஆம் ஆண்டு ஸ்டான்போர்ட்டுக்குக் கிடைத்த தரவரிசை 12. ஆனாலும் சம்பியன் அவர்கள்தான். 2016இல் தரவரிசை 15, மீண்டும் சம்பியன். 2018இலும் 15, இறுதிப் போட்டியில் முதலாம் தரத்திலிருந்த வேண்டர்பில்ட் அணியையே வென்றார்கள். இந்த மூன்று இறுதிப் போட்டிகளின் முடிவும் நான்குக்கு மூன்று. ஒரேயொரு பிள்ளை மனம் தளர்ந்திருந்தாலும் கிண்ணம் கைநழுவியிருக்கும். 2001 முதல் 2019 வரை அவரது பயிற்சியில் கிடைத்த தேசியப் பட்டங்கள் 10. அவருக்கு முன்னிருந்த பிரெனனும் 10 பட்டங்களே பெற்றுக்கொடுத்தார் என்பது சுவாரசியமான ஒற்றுமை.

அவரிடம் பயின்ற பிள்ளைகளில் சிலர் தொழில்முறை டெனிஸுக்குப் போனார்கள். தேசிய ஒற்றையர் பட்டத்தை 2012இலும் 2013இலும் வென்ற நிக்கோல் கிப்ஸ் அவர்களில் ஒருவர். எல்லோரும் அப்படிப் போவதில்லை. ஆனால் எவராயினும் பாடங்களில் சித்தியடைந்தால்தான் அணியில் இடமுண்டு என்பது பல்கலைக்கழக விளையாட்டின் விதி. புத்தகத்தை மூடிவிட்டு மட்டையைத் தூக்க முடியாது.

வாசக சகோதரிகளே! நம் வீட்டுப் பிள்ளை டெனிஸ் ஆடாமல் இருக்கலாம். வலைப்பந்தோ, பேச்சுப் போட்டியோ, தவணைப் பரீட்சையோ, ஏதோ ஒன்றில் தோற்றுவிட்டு வீட்டுக்கு வரத்தான் போகிறாள். அந்த நேரத்தில் நாம் முதலில் கேட்பது என்ன? "எத்தனை புள்ளி? பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை?" இந்தக் கேள்விகள் நாளைக்கும் கேட்கலாம். இன்றைக்கு அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, பக்கத்தில் சற்று நேரம் உட்காருங்கள். எந்த இடத்தில் பிழைத்தது என்பதை அவள் வாயாலேயே சொல்லட்டும். பிறகு, "அடுத்த முறை அதை எப்படிச் செய்வாய்?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

விளையாட்டை நிறுத்துவதா, தொடர்வதா என்ற முடிவை அதற்குப் பிறகு இருவருமாகச் சேர்ந்து எடுக்கலாமே!