வேரின் அழைப்பும் ஒட்டுண்ணியின் வருகையும்

மாமரக் கிளையொன்றிலே, மரத்தின் இலைக்கு ஒவ்வாத வேறோர் இலையும் பூவுந் தாங்கிச் செழித்து நிற்கும் குருவிச்சையை யாழ்ப்பாணத்தார் நன்கறிவர். அதன் கனியை உண்ட சிறு குருவி, பசை பொருந்திய வித்தைக் கிளையிலே தேய்த்துவிட்டுப் பறந்து செல்ல, அவ்வித்து அங்கேயே முளைத்துப் பட்டையைத் துளைத்து உட்புகுகின்றது. கடற்கரைப் பற்றைகளின்மேல் நூலெனப் பின்னிக் கிடக்கும் கொத்தானும் இவ்வினத்து வாழ்க்கையுடையதே. கோயில்தோறும் அரைபடுகின்ற சந்தனமுங்கூட அயல் மரங்களின் வேர்களைத் தன் வேர்களாற் பற்றி, அவற்றிலிருந்து நீரும் உப்புக்களும் பெற்றே வளர்கின்றது. சந்தனத்தை ஒட்டுண்ணியென்று இகழ்வார் எவருமிலர். ஆதலின் ஒட்டுண்ணி என்னுஞ் சொல்லை வசைமொழியாகக் கொள்ளாது, ஒரு வாழ்க்கை முறையின் பெயராகக் கொள்ளுதலே தாவரநூலுக்கு ஏற்றதாம்.

பூக்குந் தாவரங்களுள் நூற்றுக்கொன்று என்னும் அளவில், ஏறக்குறைய 4,500 இனங்கள் இவ்வாறு வாழ்வன. அவை யாவற்றுக்கும் பொதுவான உறுப்புப் பருகி எனப்படும். விருந்து வழங்கியின் இழையத்துட் புகுந்து, அதன் காழுடனோ உரியத்துடனோ தன் கலன்களை இணைத்துக்கொள்வது அவ்வுறுப்பே. பச்சையமுடைய ஒட்டுண்ணி நீரையும் கனியுப்புக்களையுமே பெரும்பாலும் வேண்டும். பச்சையமற்றது உணவு முழுவதையும் பிறர் கையிலிருந்தே பெறல் வேண்டும்.

குருவிச்சைக்குக் குருவி துணை. வேரிற் பற்றும் ஒட்டுண்ணியின் வித்துக்குத் துணை யாது? மண்ணுட் புதைந்து கிடக்கும் நுண்ணிய வித்தொன்று, தனக்கேற்ற வேர் அருகில் வந்துற்றதென்பதை எவ்வாறு உணர்கின்றது? இவ்வினாவிற்கு விடை ஸ்திரைகா என்னுங் களையை ஆராய்ந்தமையாலே கிடைத்தது. தமிழகத்துக் கரும்புத் தோட்டங்களிற் சுடுமல்லி எனப்படுவது இதன் ஓர் இனமே. எனினும் இதன் கொடுமை முற்றாக வெளிப்படுவது ஆபிரிக்காவிலேயாம். அங்கே சகாராவுக்குத் தெற்கிலுள்ள நாடுகளில், இறுங்கு, சோளம், கம்பு முதலிய தானியங்களை நம்பி வாழும் சிறு விவசாயிகளின் விளைச்சலை இது சூறையாடுகின்றது. முற்றாகப் பயிரிழந்து நிலத்தைக் கைவிட்டுப் போனவரும் உளர்.

ஸ்திரைகாவின் வித்து ஒரு மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்கு நீளமே உடையது. ஒரு செடி பல்லாயிரம் வித்துக்களைச் சொரியும். அவை பத்தாண்டுகளுக்கு மேலும் மண்ணிற் சாவாது கிடக்க வல்லன. வித்தினுள்ளே இருக்கும் உணவு மிகச் சிறிது. முளைத்தபின் சில நாட்களுக்குள் வேரொன்றைப் பற்றாவிடின் நாற்று மடிந்துபோம். ஆகவே காலமறியாது முளைத்தல் அதற்குத் தற்கொலையாகும். ஈரமும் வெப்பமும் மாத்திரம் போதா. விருந்து வழங்கியின் வேரிலிருந்து கசியும் ஒரு பொருளின் தூண்டலும் வேண்டும். பற்றிய பின்னரும் அது பல வாரங்கள் நிலத்தின் கீழேயே மறைந்து வளர்கின்றது. விவசாயி செடியைக் கண்டு பிடுங்கும்பொழுது பயிருக்குச் செய்யவேண்டிய தீங்கை அது செய்து முடித்திருக்கும்.

1956 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் கரோலினாப் பகுதிச் சோள வயல்களில் இக்களை கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் அந்நாட்டில் ஆராய்ச்சி மும்முரமாயிற்று. 1966 இல், குக் என்பாரும் அவர்தம் கூட்டத்தாரும் ஸ்திரைகா வித்தை முளைக்கச் செய்யும் பொருளைப் பிரித்தெடுத்து அதற்கு ஸ்திரைகோல் எனப் பெயரிட்டனர். அதனை அவர்கள் பெற்றது பருத்தி வேரின் கசிவிலிருந்தாகும். பருத்தியோ ஸ்திரைகா பற்றி வாழவியலாத செடி. விருந்து வழங்காத ஒன்று அழைப்பை மாத்திரம் விடுப்பது ஏன்? தானியப் பயிர்கள்தாம் தமக்கே கேடு விளைக்கும் பொருளை ஏன் கசியவிடுகின்றன? இயற்கையின் தேர்வு இத்தகைய பேதைமையை நெடுங்காலம் பொறுத்திராது. ஆயினும் ஏறக்குறைய நாற்பதாண்டுகள் இவ்வினாவுக்குத் தக்க விடை கிடைத்திலது.

2005 இல் யப்பானைச் சேர்ந்த அக்கியாமாவும் துணைவரும் விடை கண்டனர். இவ்வழைப்பு ஸ்திரைகாவுக்கு விடுத்ததன்று. மண்ணில் வாழும் ஒருவகைப் பங்கசுக்கு விடுத்ததாகும். அப்பங்கசு வேரினுட் புகுந்து, தாவரத்திடமிருந்து காபன் உணவைப் பெற்று, அதற்குக் கைம்மாறாகத் தன் நுண்ணிழைகளாற் சேகரித்த பொசுபரசைக் கொடுக்கின்றது. நிலத்தாவரங்களுட் பெரும்பாலன இந்நட்பை உடையன. பருத்தியும் அவற்றுள் ஒன்று. ஸ்திரைகோலையொத்த பொருள்கள் பட்டதும் பங்கசின் இழைகள் கிளைத்துப் பரவுகின்றன. நண்பனை விளித்த குரலைக் கள்வன் ஒட்டுக்கேட்டு வாயிலை அறிந்துகொண்டான் என்பதே உண்மை. 2008 இல் இதே வகைப் பொருள்கள் தாவரத்தின் உள்ளே தண்டு கிளைத்தலை அடக்கும் ஓமோன்களாகவுந் தொழிற்படுகின்றனவென இரு குழுவினர் காட்டினர். எனவே இவற்றை முற்றாக இழத்தல் பயிருக்கு எளிதன்று.

பொசுபரசு குன்றிய மண்ணில் நிற்கும் பயிர் பங்கசின் உதவியை மிகுதியும் நாடுதலின், இப்பொருளை மிகுதியாகக் கசியவிடுகின்றது. வளங்குன்றிய நிலத்திலே ஸ்திரைகா பெருகுவதற்கு இஃதொரு காரணம். பசளை வாங்க வசதியற்றவனின் வயலே முதலிற் பாழாகின்றது.

ஒட்டுக்கேட்கும் செவியும் ஆராயப்பட்டுள்ளது. வேறு பல தாவரங்களின் வித்துக்களில், காட்டுத்தீயின் புகையிலுள்ள பொருள்களை உணர்தற்கு ஒரு புரதம் உண்டு. அதனைத் தரும் பரம்பரையலகு ஸ்திரைகாவிற் பலவாகப் பெருகி, அவற்றுட் சில வேரின் கசிவை அறியும் தொழிலுக்கு மாறியுள்ளன என்பது 2015 இல் வெளிவந்த ஆய்வுகளாற் புலனாயிற்று. அவற்றுளொன்றின் கூர்மை, மிகச் சிறு துளியளவினையும் அறியத்தக்கதாக உள்ளது.

இவ்வறிவைப் பயன்படுத்துவோர் பல வழிகளை நாடினர். எதியோப்பியாவிற் பிறந்து அமெரிக்காவின் பேர்டியூப் பல்கலைக்கழகத்திற் பணிபுரிந்த கெபிசா எஜேற்றா, ஸ்திரைகாவை எதிர்க்கும் இறுங்கு வகைகளை உருவாக்கி ஆபிரிக்க விவசாயிகளுக்கு அளித்தார். அதன்பொருட்டு 2009 இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அத்தகைய எதிர்ப்பின் மூலம் ஒன்று 2017 இல் விளங்கிற்று. ஒரு பரம்பரையலகின் குறைபாட்டால் அப்பயிர்கள், ஸ்திரைகாவை நன்கு முளைப்பிக்கும் பொருளுக்குப் பதிலாக அதனை அரிதே முளைப்பிக்கும் ஒரோபாங்கோல் என்னும் பொருளை மிகுதியாகக் கசியவிடுகின்றன. கள்வன் செவிக்கெட்டாத சொல்லாக அழைப்பு மாறிற்று என்க.

கரோலினாவிற் கையாண்டது வேறு தந்திரம். எதிலீன் வாயுவை மண்ணுட் செலுத்தினால், பயிரில்லாத வேளையிலேயே ஸ்திரைகா வித்துக்கள் முளைத்து மடிகின்றன. இம்முறையுடன் கடுங் கட்டுப்பாடுகளும் சேர்ந்து அங்கே களையின் பெரும்பகுதியை ஒழித்தன. ஆனால் வாயுவைச் செலுத்தும் பொறியும் பொருளும் கெனியாவின் கைமண்வெட்டி விவசாயிக்கு ஏது? அவனுக்கு உதவிய முறை வேறொன்றைத் தேடியபோது தற்செயலாக அகப்பட்டதாகும். தண்டு துளைக்கும் அந்துப்பூச்சியைச் சோளத்தினின்றும் விரட்டுதற்காக, பயிர்வரிசைகளுக்கிடையே டெஸ்மோடியம் என்னும் அவரையினச் செடியை நைரோபியிலுள்ள பூச்சியியல் ஆராய்ச்சி நிலையத்தார் இங்கிலாந்து ஆராய்ச்சியாளருடன் கூடி நாட்டுவித்தனர். அவ்வயல்களில் ஸ்திரைகாவும் வெகுவாகக் குறைந்திருந்தது. அச்செடியின் வேர்க் கசிவில் வித்தை முளைப்பிக்கும் பொருளும், முளைத்ததன் வேரை வளரவிடாது தடுக்கும் பொருளும் ஒருங்கேயுள்ளனவெனப் பின்னர்க் கண்டனர். டெஸ்மோடியம் மண்ணுக்கு நைதரசனையும் சேர்க்கின்றது. வெட்டிய கொடியைப் பசுவுக்கு இடலாம். விக்தோரியா ஏரியை அடுத்த ஊர்களில் விவசாயிகள் இம்முறையைக் கைக்கொண்டமைக்கு, பசுவின் தீவனமும் ஒரு காரணமாயிற்று.