தீவிலிருந்து பெட்டி கட்டுகிறேன்!

என் அறையில் இரண்டு பெட்டிகள் வாயைத் திறந்துகொண்டு கிடக்கின்றன. கட்டிலின் மேல் நோட்டுப் புத்தகங்களும், மாணவர்கள் கொடுத்த சிப்பி மாலைகளும், ஒரு பழைய பிரஷர் குக்கரும். எட்டு வருஷக் குடித்தனம் இவ்வளவுதானா என்று எனக்கே சிரிப்பு வருகிறது.

மாலத்தீவில் ஒரு சின்னத் தீவுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். சொந்த ஊர் காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். இந்த நாட்டில் ஏறத்தாழ 1,200 தீவுகள். மக்கள் குடியிருப்பது 200-க்கும் குறைவான தீவுகளில்தான். தீவுப் பள்ளிகளில் நம் நாட்டு டீச்சர்கள் நிறையப் பேர். அவர்களில் பலர் என்னைப் போலக் குழந்தையை ஊரில் விட்டுவிட்டு வந்த தாய்மார்கள்.

"பெத்த பிள்ளையை விட்டுட்டு எப்படித்தான் மனசு வந்துச்சோ?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். என் வீட்டுக்காரர் பட்டு நெசவு. கோர்வைப் புடவை நெய்கிறவர். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று தனித்தனி நாடா ஓட்டிக் கோக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். 2005-06-ல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் பெரிசுதான், கூலி பெரிசா என்று நெய்கிறவர்களைக் கேளுங்கள். தறி வைக்க வாங்கிய கடன் வட்டிக்கு வட்டி ஏறியது. நான் பி.எட். முடித்திருந்தேன். 2017-ல் நாலு வயசு மகளை என் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறினேன். திருவனந்தபுரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம்தான். அந்தத் தூரம் போகப் போகத்தான் நீண்டது.

இங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை. பிள்ளைகள் பேசுவது திவேஹி. வலமிருந்து இடமாக எழுதுவார்கள். காய்கறி படகில் வர வேண்டும். கடல் கொந்தளித்தால் தக்காளிக்குக் கூட விரதம்தான்! சூரை மீனுக்கு மட்டும் பஞ்சமில்லை. ஜனங்கள் நல்ல ஜனங்கள். நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவள் பக்கத்து வீட்டுத் தீவுக்காரிதான்.

2020-ஐ மட்டும் மறக்கவே முடியாது. கொரோனாவில் விமானம் நின்றுபோனது. 'சமுத்திர சேது' என்ற பெயரில் நம் கடற்படை கப்பல் அனுப்பியது. மே மாதம் 10-ந் தேதி ஜலாஷ்வா கப்பல் 698 பேரைக் கொச்சியில் கொண்டு சேர்த்தது. ஜூன் 7-ந் தேதி அதே கப்பல் 700 பேரைத் தூத்துக்குடியில் இறக்கியது. என்னோடு வேலை பார்த்தவர்கள் கிளம்பினார்கள். நான் பெயரே கொடுக்கவில்லை. கல்யாணங்கள் நின்றதால் ஊரில் தறியும் நின்றுபோய், என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. போய்விட்டால் வேலைக்குத் திரும்ப முடியுமோ முடியாதோ என்ற பயம். "அம்மா, கப்பல் வந்துச்சாமே, நீ ஏன் வரல?" என்று ஏழு வயசு மகள் போனில் கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் என்னை 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்தாள். மரியாதை கற்றுக்கொண்டாள் என்று முதலில் பெருமைப்பட்டேன். ஆயாவை 'நீ' என்கிறாள், அப்பாவை 'நீ' என்கிறாள்; எனக்கு மட்டும் 'நீங்க'! விருந்தாளிக்குத் தருகிற மரியாதை அது என்று புரிந்த ராத்திரி நான் தூங்கவில்லை.

போன வருஷம் அவள் பெரியவளானாள். என் அம்மா தண்ணீர் ஊற்றி, உளுந்தங்களி கிண்டிக் கொடுத்து, எல்லாம் முறையாகச் செய்தாள். நான் போனில் பார்த்தேன். கடன் அதற்கு முந்தின மாதமே தீர்ந்திருந்தது. 'இன்னும் ரெண்டு வருஷம் இருந்தால் மாடி எடுக்கலாம்' என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள், அன்றைக்கே ராஜினாமாக் கடிதம் எழுதினேன். கணக்கு டீச்சருக்கு இந்தக் கணக்கு இத்தனை தாமதமாகத்தான் புரிந்தது.

என்னைப் போல ஊர் திரும்பும் சகோதரிகளுக்கு, நான் தெரிந்துகொண்ட சில விஷயங்களைச் சொல்கிறேன்:

* வேலை அனுமதியை ரத்து செய்வதற்கு முன்பே பணத்தை அனுப்பிவிடுங்கள். தீவில் டாலர் குதிரைக்கொம்பு. கடைசி வாரத்தில் ஓடினால் நடக்காது.

* நிரந்தரமாகத் திரும்பியதும் வங்கியில் சொல்லி என்.ஆர்.இ. கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும். வெளிநாட்டுப் பணமாகவே வைத்திருக்க விரும்பினால் ஆர்.எஃப்.சி. கணக்கு உண்டு.

* பணி அனுபவச் சான்றிதழைக் கையெழுத்தும் முத்திரையுமாக அங்கேயே வாங்கிவிடுங்கள். ஊரிலிருந்து கேட்டு வாங்குவது பெரிய பாடு.

* ஊரில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை டீச்சர் வேலைக்குத் தகுதித் தேர்வு கேட்கிறார்கள். தேறினால் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று 2021-ல் அறிவித்துவிட்டார்கள்.

* குழந்தை உங்களோடு அங்கே வளர்ந்திருந்தால், மாற்றுச் சான்றிதழும் தடுப்பூசிக் குறிப்பும் மறக்காதீர்கள். 2006-ஆம் வருஷச் சட்டப்படி தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழ் ஒரு பாடம். அ, ஆ முதல் இப்போதே ஆரம்பியுங்கள்.

கடைசியாக, சான்றிதழ் இல்லாத ஒரு விஷயம். போன அன்றே அதிகாரத்தைக் கையில் எடுக்காதீர்கள். இத்தனை வருஷம் வளர்த்தவள் பாட்டி. அவள் பின்னுகிற பின்னலை அவிழ்த்து நான் வேறு பின்னல் போடப் போவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ரிப்பன் எடுத்துக் கொடுப்பேன். தறியில் கரை நாடா தள்ளுகிறவள்கூட அவசரப்படக் கூடாது. அவசரப்பட்டால் கரை பிரிந்துவிடும்.

நேற்று ராத்திரி மகள் போன் செய்தாள். என்னென்ன வாங்கி வர வேண்டும் என்று கேட்டேன். "ஒண்ணும் வேணாம்" என்றாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "இந்த வாட்டி நீங்க திரும்பப் போகமாட்டீங்க இல்ல?" என்றாள்.

"போகமாட்டேன் கண்ணு. டிக்கெட்டே ஒரு வழிதான்."

"அப்போ சீக்கிரம் வா" என்றாள்.

வா! அந்த ஒரு எழுத்துக்காக இன்றைக்கே நீந்தியாவது போய்ச் சேர்ந்துவிடலாம் போலிருக்கிறது. குக்கரை இங்கேயே யாருக்காவது கொடுத்துவிடப் போகிறேன்.