கூட்டம் போடாமல் எடுத்த முடிவு



போன மாதம் ஒரு குழுவுக்குப் போயிருந்தேன். கூட்டமே போடாம தீர்மான நோட்டில் எழுதியிருந்தார் ஊக்குநர். "அவசரம் மேடம், கையெழுத்தை அப்புறம் வாங்கிக்கலாம்" என்றார். உறுப்பினர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அது சரிதான். ஏன் என்பதற்கு நம் நாட்டிலேயே நடந்த ஒரு பாடம் இருக்கிறது.

1975 ஜூன் 12-ல், பிரதமர் இந்திரா காந்தி தேர்தலில் ஜெயித்தது செல்லாது என்று அலகாபாத் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூன் 25 இரவு, அவர் சொன்னபடி குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலைக்குக் கையெழுத்துப் போட்டார். மந்திரிசபையைக் கூட்டியதோ மறுநாள் காலையில்தான்!

எதிர்க்கட்சித் தலைவர்கள் கைதானார்கள். பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. மிசா சட்டத்தில் விசாரணை இல்லாமலே பலர் ஜெயிலுக்குப் போனார்கள். தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31-ல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. "என் பிள்ளையை ஏன் பிடிச்சீங்க?" என்று கோர்ட்டில் கேட்கவும் வழியில்லை என்று 1976 ஏப்ரலில் உச்சநீதிமன்றமே சொன்னது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் அதை ஏற்கவில்லை.

இது எப்படி மாறியது? நம்மைப் போன்றவர்களின் ஓட்டால். 1977 மார்ச் தேர்தலில் இந்திரா காந்தி தோற்றார். மார்ச் 21-ல் நெருக்கடி நிலை விலக்கப்பட்டது.

ஆள் மாறினால் மட்டும் போதுமா? நாளைக்கு இன்னொருவர் இதையே செய்தால்? அதற்காகத்தான் 1978-ல் அரசியல் சட்டத்தில் 44-வது திருத்தம் கொண்டு வந்தார்கள். அதன்படி:

* மந்திரிசபை எடுத்த முடிவு எழுத்தில் வந்தால்தான் குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையை அறிவிக்கலாம்.
* "உள்நாட்டுக் குழப்பம்" என்ற காரணம் போதாது. போர், அந்நியர் தாக்குதல், ஆயுதக் கிளர்ச்சி இருந்தால்தான்.
* ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றத்தின் இரண்டு சபைகளும் சம்மதிக்க வேண்டும்.
* உயிருக்கும் சுதந்திரத்துக்கும் ஆபத்து என்றால் கோர்ட்டுக்குப் போகும் வழியை அடைக்க முடியாது.

1976-ல் சொன்ன தீர்ப்பு தவறு என்று 2017-ல் உச்சநீதிமன்றமே ஒப்புக்கொண்டது.

கவனிச்சீங்களா சகோதரிகளே? போன உரிமையை ஓட்டு மீட்டுக் கொடுத்தது. அது மறுபடி போகாமல் காக்க, எழுதி வைத்த விதி தேவைப்பட்டது. நம் குழுவுக்கும் அதேதான். ஊக்குநர் நல்லவர்தான், நம்பிக்கையானவர்தான். இருந்தாலும் கூட்டம் போட்டு, எல்லோரும் பேசி, தீர்மானத்தைப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து.

அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டை வாங்கி, கடைசி மூன்று தீர்மானங்களைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாத தீர்மானம் ஏதாவது இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.